லாரி டயருக்குக் கிடைக்கும் மரியாதை

எங்கேயோ ஓர் ஊரில் பறவைக் காய்ச்சல் என்று டி.வி.யில் கீழே எழுத்து ஓடுகிறது. மறுநாள் காலை உங்கள் வீட்டில் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். 'முட்டை வாங்கலாமா, வேண்டாமா?'

பதிலும் நம் எல்லாருக்கும் மனப்பாடம். நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் ஆபத்தில்லை. எழுபது டிகிரி சூட்டில் வைரஸ் செத்துவிடும். நம் ஊர்க் குழம்பு கொதிக்கிற கொதியில் வைரஸ் மட்டுமா சாகும், எலும்பே பாதி கரைந்துவிடும். ஆஃப் பாயில் மட்டும் கொஞ்ச நாளைக்குத் தவிர்த்துவிடுங்கள். ஒரு டாக்டர் டி.வி.யில் வந்து இதைச் சொல்வார். யாராவது ஓர் அரசியல்வாதி கேமரா முன்னால் லெக் பீஸைக் கடித்துக் காட்டுவார். முட்டை விலை நாலு நாள் படுத்துவிட்டு எழுந்துகொள்ளும். சமாசாரம் முடிந்தது.

இத்தனை கலாட்டாவிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. அந்தக் கோழி உயிரோடு இருந்தவரை அதற்குத் தீனி போட்டது யார்? செத்தபோது காலைப் பிடித்துத் தூக்கி சாக்கில் போட்டது யார்? அவருக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

வெந்த கோழியில் ஆபத்தில்லை என்கிறீர்களே, அப்படியென்றால் ஆபத்தெல்லாம் வேகாத கோழியில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதன் எச்சத்தில், மூக்கில் ஒழுகும் சளியில், இறகோடு சேர்ந்து பறக்கும் தூசியில். அதற்குப் பக்கத்தில் நீங்களும் நானும் போவதே கிடையாது. நமக்காக அங்கே போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

* * *

2006 பிப்ரவரி. மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து, ஹெச்5என்1 வைரஸ்தான் என்று உறுதியானது. இந்தியாவுக்குள் பறவைக் காய்ச்சல் வந்த முதல் தடவை அது. அங்கே லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது.

அப்போது நான் புது ரிப்போர்ட்டர். பி.காம் படித்தவன் என்பதால் விலை, நஷ்டம், வட்டி என்று எது வந்தாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள். நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். ஒரு பண்ணைக்குப் போனேன். கேட் வாசலில் ஊதா நிறத்தில் ஒரு தொட்டித் தண்ணீர். நான் வந்த வண்டியின் டயர் நாலுக்கும் மருந்து அடித்தார்கள். பண்ணைக்காரர் தங்கமான மனிதர். 'தம்பி, அந்தத் தண்ணீல காலை நனைச்சுட்டு வாங்க. இந்த மாஸ்க்கையும் கட்டிக்கங்க' என்றார். நம் மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. அவரே தெளிவாக்கிவிட்டார்: 'வெளில இருந்து வர்றவங்களால கோழிக்கு நோவு வந்துறக்கூடாது பாருங்க.'

உள்ளே கூண்டு வரிசைகள். கீழே மலை மாதிரி கோழி எரு. கண் எரிகிற அம்மோனியா நெடி. ஒரு பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செத்துக் கிடந்த கோழியைக் கூண்டுக்குள் கையை விட்டு இழுத்து, உரச் சாக்கு ஒன்றில் போட்டார். அன்றைக்கு நாலைந்து இருந்திருக்கும். எந்தப் பெரிய பண்ணையிலும் தினம் சில கோழிகள் சாகும், அது சகஜம். கையுறை இல்லை. மாஸ்க் இல்லை. காலில் ரப்பர் செருப்பு. வியர்வை வழிந்தபோது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்க் கட்டிக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊருக்குத் திரும்பி மூன்று பத்தி எழுதினேன். முட்டைக்கு எவ்வளவு நஷ்டம், கோழிக்கு எவ்வளவு நஷ்டம், பாங்குக் கடன் எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் அதில் இருந்தது. அந்தப் பெண் இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

* * *

கோழியை நாம் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறோம் தெரியுமா? குஞ்சு பொரித்த அன்றே மேரெக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி. ஒரு வாரத்தில் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய்க்கு, கண்ணில் சொட்டு மருந்து. அப்புறம் கம்போரோவுக்கு ஒன்று, அம்மைக்கு ஒன்று. பறவைக் காய்ச்சலிலேயே சாதுவான வகை ஒன்று உண்டு, ஹெச்9என்2. கோழியைக் கும்பலாகக் கொல்லாது, முட்டையைக் குறைத்துவிடும். அதற்கும் போபாலில் உள்ள மத்திய அரசு ஆய்வுக்கூடம் கோழிகளுக்கான தடுப்பூசியைக் கண்டுபிடித்து, 2022ல் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டது.

நல்ல விஷயம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கண்ணைத் திறந்து சொட்டு விடுகிறாரே ஒருவர், அவருக்கு வருஷா வருஷம் ஒரு சாதாரண ஃப்ளூ ஊசியாவது போட்டிருக்கிறோமா?

கேரளாவில் நோய் வந்தால் இன்னொரு வேடிக்கை. 2014ல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகள் செத்தன. 2021ல் மறுபடி. 2024ல் மறுபடி. ஒவ்வொரு தடவையும் நம் எல்லைச் சோதனைச்சாவடியில் ஆட்கள் நின்று, வருகிற லாரிகளின் டயரில் கிருமிநாசினி அடிக்கிறார்கள். பேப்பரில் போட்டோ வரும். லாரி டயருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, அந்த லாரியில் கோழிக் கூடைகளை ஏற்றி இறக்குகிறவரின் கைக்குக் கிடைப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பிராய்லர் கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கி, கைக்கு நாலைந்தாகக் கூடையில் திணிக்கிறார்கள். கோழி சிறகடிக்கிற தூசி முழுக்க அவர்கள் முகத்தில்தான்.

* * *

'அரசாங்கம்தான் விண்வெளி வீரர் மாதிரி டிரெஸ் கொடுக்கிறதே, டி.வி.யில் பார்த்தோமே' என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளைக் கொல்லப் போகும் குழுவுக்கு முழு உடல் அங்கி, கண்ணாடி, என்95 மாஸ்க், கையுறை, பூட்ஸ் எல்லாம் உண்டு. ஓசெல்டாமிவிர் மாத்திரை உண்டு. வேலை முடிந்தபிறகு காய்ச்சல் வருகிறதா என்று சில நாள் கண்காணிப்பும் உண்டு. திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பண்ணையில் வேலை பார்த்தவர்களையும் கண்காணிக்க வேண்டும் என்பதும் வழிகாட்டுதல்களில் இருக்கிறது.

சிக்கல் தேதியில் இருக்கிறது. திங்கட்கிழமை வழக்கத்தைவிட அதிகமாகக் கோழி சாகிறது. ராணிக்கெட்டாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். புதன்கிழமை நூற்றுக்கணக்கில் சாகிறது. அப்புறம்தான் கால்நடை டாக்டர், சாம்பிள், போபால், ரிசல்ட். ரிசல்ட் வந்தபிறகு விண்வெளி வீரர்கள் இறங்குகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து ரிசல்ட் வரும்வரை செத்த கோழிகளை வெறும் கையால் அள்ளியது யார்? வைரஸ் உச்சத்தில் இருந்த நாட்களில் அந்த ஷெட்டுக்குள் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1997ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு ஹெச்5என்1 வந்து 6 பேர் இறந்தார்கள். ஊரில் இருந்த கோழிகள் மொத்தத்தையும் கொன்ற பிறகுதான் அடங்கியது. 2003ல் நெதர்லாந்தில் ஹெச்7என்7 என்ற வகை வந்தது. 89 பேருக்குத் தொற்று. பெரும்பாலும் கோழிகளைக் கையாண்டவர்கள், அவர்களில் அநேகம் பேருக்குக் கண்ணில்தான் நோய். ஒரு கால்நடை மருத்துவர் இறந்துபோனார். கோழியைத் தொடாமல் வீட்டில் இருந்த குடும்பத்தினர் சிலருக்கும் ஒட்டிக்கொண்டது. 2003லிருந்து உலகம் முழுக்க ஹெச்5என்1 தொற்று உறுதியானவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இறந்துவிட்டார்கள். லேசாக வந்து போனவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதால் நிஜ விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அலட்சியம் பண்ணுகிற நம்பரா இது?

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளூ வைரஸ் உடம்பில் ஒட்டிக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும். பறவை வைரஸுக்குப் பிடித்த கொக்கி நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. அதனால்தான் அது நமக்குச் சுலபமாக வருவதில்லை, வந்தாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகப் பரவுவதில்லை. ஆனால் அந்தக் கொக்கி நுரையீரலின் அடியாழத்தில் இருக்கிறது, கண்ணின் வெள்ளைப் படலத்திலும் இருக்கிறது. நாமக்கல்லில் அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எழுதினேனே, அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

* * *

'எங்க பண்ணைகள்ல இத்தனை வருஷமா யாருக்கும் வந்ததில்லையே ஸார்!'

இந்த வாதத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள், அதிகாரிகளும் சொல்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பார்த்தீர்களா? எத்தனை தொழிலாளிக்கு ரத்தம் எடுத்துப் பரிசோதித்தீர்கள்?

பார்த்த இடங்களில் இருந்தது. 2010ல் புனேயில் கோழித் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து சோதித்தார்கள். சிலரிடம் ஹெச்9என்2க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது, வைரஸ் அவர்கள் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். 2024ல் அமெரிக்காவில் ஹெச்5என்1 மாடுகளுக்குப் பரவியபோது மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் பால் பண்ணைத் தொழிலாளர்கள் 115 பேரைச் சோதித்தார்கள். 8 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதில் பாதிப் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதாகவே ஞாபகம் இல்லை என்றார்கள். எட்டுப் பேரில் ஒருவரும் மூச்சுக்கவசம் அணிந்தவர் இல்லை.

நம் நாட்டுக்கு வாருங்கள். இந்தியாவில் ஹெச்5என்1ஆல் பதிவான முதல் மரணம் 2021ல். ஹரியானாவைச் சேர்ந்த பதினோரு வயதுப் பையன், டெல்லி எய்ம்ஸில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை, மங்களகிரி எய்ம்ஸில். சமைக்கும்போது விளையாட்டாகக் கொடுத்த ஒரு பச்சைக் கோழித் துண்டை வாயில் போட்டிருக்கிறது, பாவம். இருவருமே பண்ணைத் தொழிலாளர்கள் இல்லை. அப்புறம் எப்படித் தெரிந்தது? எய்ம்ஸ் வரை போனதால் தெரிந்தது. அங்கே சாம்பிள் எடுத்தார்கள், புனேக்கு அனுப்பினார்கள், வைரஸின் பெயர் வந்தது. பண்ணைத் தொழிலாளி காய்ச்சல் வந்தால் எங்கே போவார்? மெடிக்கல் ஷாப்புக்கு. இரண்டு பாரசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் ஷெட்டுக்குள் நிற்பார். வரவில்லை என்றால் சம்பளம் கட். சோதனையே பண்ணாமல் 'யாருக்கும் வந்ததில்லை' என்று சொல்வது, கணக்குப் புத்தகமே எழுதாமல் 'கடன் பாக்கி இல்லை' என்று சொல்வது மாதிரி.

அமெரிக்காவைப் பெரிதாகப் புகழவும் வழியில்லை. 2022ல் கொலராடோவில் ஒருவருக்கு இந்த வைரஸ் வந்தது, அந்த நாட்டில் முதல் ஆள். யார் தெரியுமா? பண்ணையில் கோழிகளைக் கொல்லும் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த சிறைக்கைதி. பணக்கார நாட்டிலும் இந்த வேலைக்கு ஆள் எங்கிருந்து பிடிக்கிறார்கள் பாருங்கள். 2024 ஜூலையில் அதே மாநிலத்தில் முட்டைப் பண்ணை ஒன்றில் கோழிகளைக் கொன்ற தொழிலாளர்களுக்கு மொத்தமாக வந்தது. கவசம் கொடுத்திருந்தார்கள். ஷெட்டுக்குள் நாற்பது டிகிரி வெயில். ராட்சச மின்விசிறிகள் இறகையும் தூசியையும் முகத்தில் வீசி அடித்தன. வியர்வையில் கண்ணாடி வழுக்கியது, மாஸ்க் நழுவியது.

இந்த இடத்தில் பண்ணைக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் நாமக்கல் ஷெட்டுக்குள் முழு அங்கி மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க யாராலும் முடியாது. அங்கியை வாங்கி ஆணியில் மாட்டி வைத்து, இன்ஸ்பெக்டர் வரும்போது எடுத்துப் போட்டுக்கொள்வதில் பயனில்லை. அப்படியானால் செத்த கோழி எடுப்பதையும் எரு அள்ளுவதையும் விடிகாலையில் முடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுங்கள். கூடுதலாக இரண்டு ஆள் போடுங்கள். எல்லா நாளும் மாஸ்க், கண்ணாடி, கையுறை. பண்ணையிலேயே சோப்பும் குளியலறையும். அந்த உடுப்பு வீட்டுக்குப் போகக்கூடாது, பண்ணையிலேயே துவைக்க வேண்டும். பெரும்பாலான பண்ணைகளில் வீடே பண்ணைக்குள்தான். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, கோழி ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூமில் இருக்கிறார்கள். குழந்தைகள் அங்கேயே விளையாடுகின்றன. காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் நோட்டீஸ் ஒட்டினால் அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

* * *

இப்போது என் சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். கணக்கு.

நோய் வந்து அரசாங்கம் கோழிகளைக் கொன்றால் நஷ்ட ஈடு உண்டு. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. முட்டையிடும் கோழிக்கு ஒரு ரேட், பிராய்லருக்கு ஒரு ரேட், குஞ்சுக்கு ஒரு ரேட், வாத்துக்கு ஒரு ரேட். உடைத்து அழிக்கிற முட்டைக்கும் காசு. அழிக்கிற தீவனத்துக்கும் கிலோ கணக்கில் காசு. நியாயம்தான். இது இல்லாவிட்டால் எந்தப் பண்ணைக்காரரும் நோயை வெளியில் சொல்ல மாட்டார், ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிடுவார். நோயைச் சொல்பவனுக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

அதே சூட்சுமம் தொழிலாளிக்கு ஏன் பொருந்தாது? பண்ணை காலியாகிறது. கழுவிச் சுத்தம் செய்து, மறுபடி குஞ்சு விட்டு, அது முட்டை போட மாதக்கணக்காகும். அதுவரை அவருக்கு வேலை இல்லை. நஷ்ட ஈட்டுப் பட்டியலில் கோழி இருக்கிறது, முட்டை இருக்கிறது, தீவன மூட்டை இருக்கிறது. கூலி இல்லை. 'எனக்குக் காய்ச்சல், கண் சிவந்திருக்கிறது' என்று சொன்னால் பண்ணையே மூடப்படலாம் என்கிற நிலைமையில் அவர் ஏன் வாயைத் திறப்பார்? பண்ணைக்காரர் மறைத்துவிடக் கூடாது என்று பணம் கொடுத்து ஏற்பாடு செய்த அரசாங்கம், தொழிலாளி மறைப்பதற்கு எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறது.

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1923ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் காலேஜில் உருப்போட்டிருக்கிறேன். அதன் மூன்றாவது அட்டவணை, வேலையால் வரும் நோய்களின் பட்டியல். விலங்குகளையும் செத்த விலங்குகளின் உடல்களையும் கையாளும் வேலையில் தொற்றும் நோய்கள் அதில் முதல் இனத்திலேயே வந்தன. 2020ல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே பட்டியல் இடம் பிடித்திருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் முதலில் அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டாவது வேண்டும். ஏஜென்ட் மூலமாக வந்து, கையில் கூலி வாங்குகிறவரிடம் அது ஏது? அப்புறம், நோய் இன்னது என்று சோதனை ரிசல்ட் வேண்டும். சோதனைதான் செய்வதே இல்லையே.

'இதுக்கெல்லாம் யாரு ஸார் காசு குடுக்கறது? ஏற்கனவே தீவன விலை முழி பிதுங்குது' என்பார்கள். உண்மைதான், சின்னப் பண்ணைக்காரர்கள் கடனில் முழுகிக் கிடக்கிறார்கள். வாருங்கள், ஒரு கணக்குப் போடலாம். ஐம்பதாயிரம் கோழி இருக்கும் பண்ணை என்று வையுங்கள். குறைத்தே போடுகிறேன், நாளைக்கு நாற்பதாயிரம் முட்டை. ஒரு முட்டைக்கு ஒரு பைசா. ஒரே ஒரு பைசா! நாளைக்கு 400 ரூபாய், வருஷத்துக்கு 1,46,000 ரூபாய். பத்துப் பேர் வேலை செய்தால் தலைக்கு 14,600. மாஸ்க், கையுறை, கண்ணாடி, பூட்ஸ், சோப்பு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஃப்ளூ ஊசி எல்லாம் வாங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைக் கூலி நிதியாகப் போட்டு வைக்கலாம். நாமக்கல் முட்டை விலை ஐந்து பைசா ஏற்றம், பத்து பைசா இறக்கம் என்று சதா அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். என்றைக்காவது நீங்கள் கடையில் அந்த ஐந்து பைசாவைக் கவனித்ததுண்டா?

ஃப்ளூ ஊசி எதற்கு, அது பறவைக் காய்ச்சலைத் தடுக்குமா என்று கேட்டால், தடுக்காது. வேறு ஒன்றைத் தடுக்கும். ஒரே ஆளின் உடம்பில் நம் ஊர் ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே நேரத்தில் புகுந்தால் இரண்டும் பாகங்களை மாற்றிக்கொள்ள முடியும். மனிதனுக்கு மனிதன் பரவத் தெரிந்த புது வைரஸ் ஒன்று அப்படிப் பிறந்தால், அது கேட்டைத் தாண்டி, டவுன் பஸ் ஏறி, உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டுக்குள் வரும். தொழிலாளி மேல் இரக்கம் வராவிட்டால் பரவாயில்லை, சொந்த நுரையீரல் மேலாவது வரட்டும். 2024ல் ஃபின்லாந்து ஒரு படி மேலே போய், பறவைக் காய்ச்சலுக்கென்றே இருக்கும் தடுப்பூசியைக் கோழிப் பண்ணை, ரோமப் பண்ணைத் தொழிலாளர்கள் உட்படப் பத்தாயிரம் பேருக்கு வாங்கிப் போட ஆரம்பித்தது. உலகத்திலேயே முதல் நாடு. அந்த ஊர் ஜனத்தொகை நம் சென்னையைவிடக் குறைவு. நாமக்கல்லில் மட்டும் தினம் கோடிக்கணக்கில் முட்டை இறங்குகிறது, நம் சத்துணவுத் தட்டுக்கே அங்கிருந்துதான் போகிறது. குறைந்தபட்சம் சாதாரண ஃப்ளூ ஊசியையாவது, நவம்பர் மழைக்கு முன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பண்ணைக்கே போய்ப் போட்டுவிட்டு வரலாம். பெயர்ப்பட்டியல் ஒன்று கிடைத்தால் போதும். அந்தப் பட்டியல்தான் இல்லை. கோழிகளின் எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது.

* * *

பண்ணை ரொம்ப தூரம், நமக்கென்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருமுனைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கூண்டில் உயிர்க்கோழி. அந்தப் பையன் ஒன்றைப் பிடித்து, தராசில் போட்டு, கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போடுகிறான். உள்ளே அது துடிக்கிற சத்தம் கேட்கிறது. அப்புறம் இறகு பிடுங்கும் மிஷின். தண்ணீரும் ரத்தமும் தெறிக்கிறது. குடலை உருவுகிற அதே கையால் ஜி.பே சவுண்ட் பாக்ஸைத் திருப்பி வைக்கிறான். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிறீர்கள். நானும்தான்.

போன வாரம் கூட்டம் குறைந்தபிறகு கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். பழக்கமானவர்தான்.

'ஏன் பாய், பையனுக்கு ஒரு மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கிக் குடுக்கக் கூடாதா?'

'வாங்கி வெச்சிருக்கேன் ஸார். கொரோனா டைம்ல வாங்கினது, உள்ள பெட்டி பெட்டியா கெடக்குது' என்றார்.

'அப்புறம் என்ன?'

'போட்டுட்டு நின்னா கஸ்டமர் பயந்துடறாங்க ஸார். கோழிக்கு ஏதோ சீக்கு போலன்னு அடுத்த கடைக்குப் போயிடறாங்க.'